அண்ணன் பாஸ், தம்பி ஃபெயில்!

எங்கள் வீட்டு ஹாலில் இரண்டு ஆணிகள் உண்டு. ஒன்றில் என் அண்ணனின் சி.ஏ. சர்டிபிகேட், கண்ணாடி ஃப்ரேமுக்குள் தொங்குகிறது. இன்னொன்றை அப்பா எனக்காக அடித்து வைத்தார். நான் இன்டரில் முதல் குரூப்பை மூன்று தடவை எழுதினேன், மூன்று தடவையும் கவிழ்ந்தேன். நாலாவது தடவை ஃபீஸ் கேட்கப் போனபோது அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பார்த்தால் அந்த ஆணியில் தினசரி காலண்டர்!

இப்போது நான் ஃப்ரீலான்ஸ் எழுத்தாளன். ஃப்ரீலான்ஸ் என்றால் 'வேலை கிடைக்கவில்லை' என்பதற்கு கௌரவமான இங்கிலீஷ் என்று எங்கள் மாமா பெண் வீட்டாருக்கு விளக்கம் சொல்வார்.

சொந்தக் கதை எதற்கென்றால், போன மாசம் ஒரு மழை ஞாயிற்றுக்கிழமை, கரன்ட் வந்து வந்து போன நேரத்தில், 'கெஸ்' என்ற பழைய இங்கிலீஷ் படத்தை லேப்டாப்பில் பார்த்துத் தொலைத்தேன். 1969-ல் வந்த படம். ஒரு பையன், ஒரு பருந்து, அவ்வளவுதான் கதை. ஆனால் அதற்குப் பின்னால் நிஜமாகவே ஓர் அண்ணன் தம்பி இருக்கிறார்கள் என்று தெரிந்ததிலிருந்து எனக்கு அந்த இரண்டு ஆணிகளும் கண்ணை உறுத்த ஆரம்பித்துவிட்டன.

* * *

வட இங்கிலாந்தில் யார்க்ஷயர். அதில் பார்ன்ஸ்லி என்ற ஊருக்குத் தெற்கே சில மைல் தள்ளி ஹாய்லண்ட் என்று ஒரு சின்ன ஊர். அதன் ஓரத்தில் ஹாய்லண்ட் காமன். இங்கிலாந்து என்றதும் நமக்கு லண்டன் பாலம், மகாராணி, நாலு மணி டீ எல்லாம் ஞாபகம் வரும். இந்த ஊரில் நினைவு வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்றுதான். நிலக்கரி. அப்பா சுரங்கத்தில், தாத்தா சுரங்கத்தில், பையன் மீசை முளைப்பதற்குள் சுரங்கத்தில். ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள், கொல்லையில் கரிப்புகை, மூன்றாவது தெருவைத் தாண்டினால் பச்சை வயல்.

அங்கிருந்து நடந்தே போகிற தூரத்தில் வென்ட்வொர்த் உட்ஹவுஸ் என்று ஒரு மாளிகை. முன்பக்க முகப்பு மட்டும் 606 அடி நீளம். பக்கிங்ஹாம் அரண்மனையே இதன் பக்கத்தில் நின்றால் ஃப்ளாட் மாதிரி தெரியும்! 300-க்கும் மேல் அறைகள். ஃபிட்ஸ்வில்லியம் பிரபு குடும்பத்தின் சொத்து. பிரபுவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். அந்த வரிசை வீட்டு ஆசாமிகள் தரைக்கடியில் குனிந்து வெட்டினார்களே, அதிலிருந்துதான்.

1946-ல் லேபர் கட்சி சர்க்கார், எரிபொருள் மந்திரி ஷின்வெல் உத்தரவின் பேரில், அந்த மாளிகையின் தோட்டத்தையே கரிக்காகத் தோண்டிப் போட்டது. வாசற்படி வரைக்கும் மண்மேடு. பிரபுவுக்கு ஒரு பாடம் என்று தொழிலாளிகள் கைதட்டியிருப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? அதுதான் இல்லை. தோட்டத்தைத் தோண்டாதே என்று யார்க்ஷயர் சுரங்கத் தொழிலாளர் சங்கத் தலைவரே பிரதமர் அட்லீக்கு முறையிட்டார். பிரபுவின் புல்வெளியில் அந்த ஊர் ஜனங்கள் உலாத்தி வந்தவர்கள். வர்க்க பேதம் என்பது நாம் புத்தகத்தில் படிக்கிற மாதிரி நேர்க்கோட்டில் போவதில்லை போலும்.

1947 ஜனவரி 1 அன்று சுரங்கமெல்லாம் அரசுடைமை. மாளிகையின் பெரும்பகுதி அப்புறம் பெண்களுக்கான டிரில் டீச்சர் பயிற்சிக் கல்லூரி ஆனது. ஆக, பிரபு ஒருவழியாக ஒதுங்கிவிட்டார். இனி எல்லோரும் ஓர் நிறை, ஓர் விலைதானே? அங்கேதான் பரீட்சை வந்து உட்கார்ந்தது.

* * *

1944-ல் பட்லர் என்ற மந்திரி கொண்டுவந்த கல்விச் சட்டம் நல்ல எண்ணத்தோடுதான் பிறந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசமாக ஹைஸ்கூல் படிப்பு. அதுவரை காசிருந்தால் அல்லது ஸ்காலர்ஷிப் கிடைத்தால்தான் கிராமர் ஸ்கூல். இனிமேல் புத்தி இருந்தால் போதும். புத்தி இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பதினோரு வயதில் ஒரு டெஸ்ட் வை! கணக்கு, இங்கிலீஷ், கூடவே 'இந்த நாலில் ஒட்டாதது எது' மாதிரி புத்திக் கூர்மைக் கேள்விகள். இதற்குப் பெயர் 'லெவன் பிளஸ்'.

பாஸானால் கிராமர் ஸ்கூல். லத்தீன், பிரெஞ்சு, யூனிஃபாரம், பிறகு காலேஜ். ஃபெயிலானால் 'செகண்டரி மாடர்ன்'. பெயரில் மட்டும்தான் மாடர்ன். மரவேலை, இரும்பு வேலை, பதினைந்து வயசானதும் வெளியே. பெரும்பாலோர் கையில் ஒரு சர்டிபிகேட்கூட இருக்காது. தேசம் முழுவதும் பார்த்தால் நாலில் ஒரு பிள்ளைக்குத்தான் கிராமர் ஸ்கூல் இடம். அதுவும் ஜில்லாவுக்கு ஜில்லா வித்தியாசம். இந்த மாவட்டத்தில் ஃபெயிலான பையன் ஆற்றைத் தாண்டி அடுத்த மாவட்டத்தில் பிறந்திருந்தால் பாஸ்! பல இடங்களில் பெண் பிள்ளைகள் அதிக மார்க் வாங்கித் தொலைத்தார்கள். பையன்களுக்கு இடம் இல்லாமல் போய்விடக் கூடாதே என்று பெண்களுக்குத் தனி லிஸ்ட் போட்டு, அவர்கள் கட்ஆஃபை உயர்த்திய புண்ணியவான்களும் உண்டு.

சாதாரணமாக ஒரு பரீட்சையில் தோற்றால் அடுத்த மார்ச், அடுத்த செப்டம்பர் என்று ஒரு நம்பிக்கை இருக்கும். நான் மூன்று தடவை எழுதினேனே! இதில் அந்த அற்ப ஆசைக்கும் இடமில்லை. பதினோரு வயதில் ஒருநாள் காலை. அன்றைக்குப் பையனுக்கு ஜலதோஷமா, வீட்டில் அப்பா அம்மா சண்டையா, எதுவும் கணக்கில் வராது.

இந்த ஏற்பாட்டுக்கு விஞ்ஞான முட்டு கொடுத்தவர்களில் பெரிய கை சர் சிரில் பர்ட் என்ற மனோதத்துவ நிபுணர். புத்தி பிறவியிலேயே வருவது, சின்ன வயதிலேயே அளந்துவிடலாம் என்று இரட்டைக் குழந்தைகளை வைத்து ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதியவர். 1971-ல் காலமானார். 1976-ல் லண்டன் பத்திரிகை ஒன்று, அந்த இரட்டையர் கணக்குகளில் பல அவராகவே இட்டுக்கட்டியவை என்று போட்டு உடைத்தது. அதைப் பற்றி நிபுணர்கள் அப்புறமும் அடித்துக்கொண்டார்கள். 1957-லேயே ஒரு கல்வி ஆய்வு அமைப்பு, இந்தத் தேர்வு நூற்றுக்குப் பத்துப் பேருக்குக் குறையாமல் தப்பான பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறது என்று கணக்குச் சொன்னது. ஆபீஸில் பத்து சதவிகிதம் வவுச்சர் தப்பாகப் போனால் ஆடிட்டர் விடுவாரா, சொல்லுங்கள்?

* * *

இப்போது நம் அண்ணன் தம்பிக்கு வருவோம். ஹாய்லண்ட் காமனில் ஹைன்ஸ் என்ற சுரங்கத் தொழிலாளியின் வீடு. மூத்தவர் பாரி, 1939-ல் பிறந்தவர். இளையவர் ரிச்சர்ட். பாரி லெவன் பிளஸ் பாஸ். எக்கிள்ஸ்ஃபீல்ட் கிராமர் ஸ்கூல். சில வருஷம் கழித்து ரிச்சர்ட் எழுதினார். ஃபெயில். உள்ளூர் செகண்டரி மாடர்ன்.

ஒரே அப்பா, ஒரே அம்மா, ஒரே சாப்பாட்டு மேஜை. பிரபுவின் மாளிகை மூன்று மைல் தள்ளி இருந்தது, பார்க்க வேண்டாமென்றால் பார்க்காமல் இருக்கலாம். இந்தக் கோடு சமையலறைக்குள் ஓடியது. ரிச்சர்ட் வயதான பிறகு, 2016-ல், தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். பதினோரு வயது அவமானமும் அந்தப் பள்ளிக்கூடத்து அடியும் அதில் வருகின்றன. எத்தனை வருஷம் கழித்து! நான் என் இன்டர் ரிசல்ட்டை மறந்துவிட்டதாகச் சொல்லிக்கொள்வேன். மறக்கவில்லை. நோட்டீஸ் போர்டின் வலது மூலையில் குண்டூசி கழன்றிருந்தது உட்பட எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

பாரி மட்டும் ஒரேயடியாக மேலே போய்விட்டார் என்று நினைக்க வேண்டாம். பதினாறு வயதில் படிப்பை விட்டுவிட்டு நிலக்கரி போர்டில் சர்வேயர் அப்ரண்டிஸாகச் சேர்ந்தார். அங்கே, பூமிக்கடியில், பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் இவரைப் பார்த்துவிட்டார். கிராமர் ஸ்கூலில் படித்த பையனுக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்கவில்லையா என்கிற மாதிரி கேட்டுவிட்டாராம். பாரி திரும்பவும் ஸ்கூலுக்குப் போனார். அந்தப் பக்கத்து வீட்டுக்காரரை நினைத்துப் பாருங்கள். அவர் ஆயுசு முழுக்கச் செய்கிற வேலை அது. அதே வேலையை இன்னொருத்தர் வீட்டுப் பையன் செய்தால் அவருக்குப் பொறுக்கவில்லை.

அப்புறம் பாரி லஃப்பரோவில் படித்து டிரில் மாஸ்டர் ஆனார். கொஞ்சகாலம் லண்டன், பிறகு பார்ன்ஸ்லியிலேயே ஒரு செகண்டரி மாடர்ன். ஆமாம், தம்பியைத் தள்ளிவிட்டார்களே, அதே வகைப் பள்ளிக்கூடம்தான். சாயங்காலம் பிள்ளைகள் போனதும் ஸ்கூல் லைப்ரரியில் உட்கார்ந்து நாவல் எழுதுவார்.

* * *

தம்பி அப்போது என்ன செய்துகொண்டிருந்தார்? பருந்து பழக்கிக்கொண்டிருந்தார்.

டேங்கர்ஸ்லி என்ற இடத்தில் ஓர் இடிந்த பழைய மாளிகை. அதன் சுவர்ப் பொந்தில் கெஸ்ட்ரல் கூடு. கெஸ்ட்ரல் என்பது வல்லூறு ஜாதியில் சின்னது. புறா சைஸ், செங்கல் நிற முதுகு. காற்றில் ஒரே இடத்தில் சிறகடித்தபடி, நூல் கட்டித் தொங்கவிட்ட மாதிரி நின்று எலி பார்க்கும். குளிர்காலத்தில் நம்மூர்ப் பக்கமும் வந்து போகிற பறவைதான். நாம் நிமிர்ந்து பார்ப்பதில்லை, அவ்வளவே.

அதில் ஒரு குஞ்சை எடுத்துவந்து, கெஸ் என்று பெயர் வைத்து, புத்தகம் படித்துப் பழக்கினார் ரிச்சர்ட். இது கிளி வளர்க்கிற சமாசாரம் அல்ல. பறவை மொத்தமே இருநூறு கிராம் சொச்சம். தினம் தராசில் நிறுத்த வேண்டும். கொஞ்சம் அதிகமாகத் தின்றுவிட்டால் 'உன் தயவு எனக்கெதற்கு' என்று பறந்துபோய் மரத்தில் உட்கார்ந்துகொள்ளும். குறைந்தால் சீக்கு வந்து செத்துப்போகும். இரண்டுக்கும் நடுவில் சில கிராம் இடைவெளி. அந்த இடைவெளியில்தான் வித்தை. முதலில் கையுறையில் உட்கார வைத்து இறைச்சித் துண்டு. பிறகு ஓரடி தாவல். பிறகு நீளக் கயிறு கட்டி முப்பது நாற்பது கஜம். ஒருநாள் கயிற்றை அவிழ்த்துவிட வேண்டும். வரலாம், வராமலும் போகலாம். திட்டினாலோ அடித்தாலோ அன்றோடு சரி. அடித்து வேலை வாங்க முடியாத மாணவன் அது ஒன்றுதான்!

கணக்கில் ஃபெயில் என்று கவர்மென்டே சொன்ன பையன் இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தார்.

பருந்து வளர்ப்பதிலும் அந்தஸ்து உண்டு என்பது கேட்டால் சிரிப்பீர்கள். 1486-ல் அச்சான 'புக் ஆஃப் செயின்ட் ஆல்பன்ஸ்' என்ற நூலில் யாருக்கு எந்தப் பறவை என்று ஒரு பட்டியலே இருக்கிறது. சக்கரவர்த்திக்குக் கழுகு. ராஜாவுக்கு ஜிர்ஃபால்கன். பிரபுவுக்கு பெரிக்ரின். சீமாட்டிக்கு மெர்லின். கோயில் தீர்த்தம் எடுத்துப்போகிற கிளார்க்குக்குக்கூட ஒன்று உண்டு, குருவி அடிக்கிற பருந்தில் ஆண்! (ஆபீஸ் நண்பர்கள் ஆறுதல் கொள்ளலாம்.) இந்த வகைப் பட்டியல்களில் கடைசி வரி, வேலைக்காரப் பயலுக்கு. அவனுக்குத்தான் கெஸ்ட்ரல்.

* * *

தம்பி வயலில் பறவையை விட்டுக் கூப்பிடுவதை டிரில் மாஸ்டர் அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார். 1968-ல் 'எ கெஸ்ட்ரல் ஃபார் எ நேவ்' என்ற நாவல் வந்தது. வேலைக்காரப் பயலுக்கு ஒரு கெஸ்ட்ரல்.

பில்லி காஸ்பர் என்ற பதினைந்து வயதுப் பையனின் ஒரே ஒரு நாள்தான் நாவல். அப்பா ஓடிப்போய்விட்டார். சுரங்கத்தில் வேலை பார்க்கிற முரட்டு அண்ணன் ஜட். பள்ளிக்கூடத்தில் பிரம்படி. டிரில் மாஸ்டர் தன்னையே பாபி சார்ல்டன் என்று நினைத்துக்கொண்டு பையன்களோடு கால்பந்து ஆடி, தோற்ற ஆத்திரத்தில் பில்லியைப் பச்சைத் தண்ணீர் ஷவரில் நிறுத்துகிறார். (எழுதியவரும் டிரில் மாஸ்டர் என்பது ஞாபகம் இருக்கட்டும்.) அப்புறம் வேலைவாய்ப்பு அதிகாரி வருகிறார். உனக்கு என்ன ஆர்வம் என்று கேட்கிறார். பருந்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசக்கூடிய பையன், ஒன்றுமில்லை என்கிறான். ஃபாரத்தில் அதற்குக் கட்டம் கிடையாதே!

முடிவைச் சொல்லாமல் விட முடியவில்லை. அண்ணன் குதிரைப் பந்தயத்தில் கட்டச் சொன்ன காசைப் பில்லி கட்டாமல் செலவு செய்துவிடுகிறான். பாழாய்ப்போன குதிரைகள் ஜெயித்துத் தொலைக்கின்றன. ஜட் பருந்தைக் கொன்று குப்பைத் தொட்டியில் போட்டுவிடுகிறான். பாவம், கதையில் அண்ணன்தான் வில்லன். பாரி ஹைன்ஸ் ஏன் அப்படி எழுதினார் என்று நான் ரொம்ப நேரம் யோசித்தேன். என் ஊகத்தை இங்கே எழுதினால் என் அண்ணன் படிப்பான்.

டிஸ்னி கம்பெனி உரிமை கேட்டு வந்ததாம். கடைசியில் பருந்து பிழைத்துக்கொண்டால் தேவலை என்று ஒரு சின்ன நிபந்தனையோடு. பாரி ஒப்புக்கொள்ளவில்லை. கென் லோச் டைரக்ட் செய்தார். பார்ன்ஸ்லியிலேயே ஷூட்டிங். பில்லியாக நடித்த டேவிட் பிராட்லி நிஜமாகவே அந்த ஊர் செகண்டரி மாடர்ன் மாணவன். டிரில் மாஸ்டராக வந்த பிரையன் குளோவர், பார்ன்ஸ்லி பள்ளிக்கூட வாத்தியார். சனி ஞாயிறுகளில் 'பாரிஸ் நகரத்து லியோன் அராஸ்' என்ற பெயரில் மல்யுத்தம் செய்பவர்! ஊர்ப் பேச்சை அப்படியே பேசினார்கள். படத்தைப் போட்டுப் பார்த்த அமெரிக்க அதிகாரி ஒருவர், இதற்கு ஹங்கேரிய பாஷையே தேவலை என்றாராம். அதே படம் 1999-ல் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் எடுத்த நூறு சிறந்த பிரிட்டிஷ் படங்களின் பட்டியலில் ஏழாவது இடத்தில் இருந்தது.

பருந்துகளைப் பழக்கியது யார் என்கிறீர்கள்? தம்பிதான். மூன்று கெஸ்ட்ரல்கள். ஃப்ரீமன், ஹார்டி, வில்லிஸ் என்று அவற்றுக்குப் பெயர். ஊரூருக்கு பிராஞ்ச் வைத்திருந்த ஒரு செருப்புக் கடையின் பெயர் அது! லண்டனிலிருந்து வந்த டைரக்டர், காமிராமேன், புரொட்யூசர் எல்லோரும் இருந்தாலும், அன்றைக்குப் பறவை எத்தனை கிராம் இருக்கிறது, பசி வந்துவிட்டதா, பறக்க விடலாமா என்று சொல்ல வேண்டியவர் லெவன் பிளஸ் ஃபெயிலான ரிச்சர்ட்.

* * *

பிறகு ரிச்சர்ட் டாக்குமெண்டரி படங்கள் எடுத்தார், ஷெஃபீல்டில் யுனிவர்சிட்டி விரிவுரையாளரும் ஆனார். ஆக, ஃபெயிலானால் என்ன, முன்னேறலாம் பார் என்று யாராவது மேடையில் பேசுவதற்கு முன் நான் தடுத்துவிடுகிறேன். அந்த வகுப்பில் இன்னும் முப்பது நாற்பது பேர் இருந்திருப்பார்கள். அவர்கள் பதினைந்து வயதில் சுரங்கத்துக்குள் இறங்கினார்கள். 1984-85-ல் ஒரு வருஷம் ஸ்ட்ரைக் இருந்து தோற்றார்கள். அதற்கப்புறம் பத்து வருஷத்துக்குள் பார்ன்ஸ்லி சுற்று வட்டாரத்துச் சுரங்கமெல்லாம் மூடியாகிவிட்டது. பிரிட்டனின் கடைசி ஆழ்சுரங்கத்துக்கும் 2015 டிசம்பரில் பூட்டு. பிரபுவின் மாளிகை மட்டும் 2017-ல் ஒரு பாதுகாப்பு டிரஸ்ட்டின் கைக்கு வந்து, பழுது பார்க்கிறார்கள். டிக்கெட் வாங்கினால் நீங்களும் பார்க்கலாம்.

1965-ல் சர்க்கார் சுற்றறிக்கை விட்டு, எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வகைப் பள்ளிக்கூடம் என்ற பக்கம் நாட்டைத் திருப்பியது. ஆனாலும் லெவன் பிளஸ் செத்துப்போகவில்லை. கென்ட், பக்கிங்ஹாம்ஷயர், லிங்கன்ஷயர் மாதிரி மாவட்டங்களில் இன்னும் உண்டு. இங்கிலாந்தில் சுமார் 160 கிராமர் ஸ்கூல்கள் பாக்கி. அவற்றுக்காக ஒன்பது வயதிலிருந்தே டியூஷன். காசிருப்பவன் டியூஷன் வைக்கிறான். காசுக்குப் பதிலாகப் புத்தி போதும் என்றுதானே 1944-ல் ஆரம்பித்தார்கள்?

பாரி ஹைன்ஸ் 2016 மார்ச்சில் காலமானார். ரிச்சர்டின் புத்தகம் வெளியானதும் அதே வருஷம்தான்.

படம் பார்த்த அன்றைக்கு ராத்திரி அண்ணனுக்கு போன் போட்டேன். பெங்களூரில் இருக்கிறான். கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

"ஏண்டா, அந்த காலண்டர் ஆணி... அப்பா அதுல காலண்டர் மாட்டினப்ப நான் அங்கதான் நின்னுண்டிருந்தேன், தெரியுமா?"

"தெரியும்ண்ணா."

"ஒண்ணும் சொல்லலை நான்."

"அதுவும் தெரியும்."

"சரி, அந்தப் பையன் பருந்தைக் கூப்பிடறச்சே நிஜமாவே கைக்கு வந்து உக்காருதா?"

"உக்காருது. நீயே பாரேன். லிங்க் அனுப்பறேன்."

அனுப்பியிருக்கிறேன். இரண்டு ப்ளூ டிக் விழுந்திருக்கிறது. ஆடிட் சீஸன், இன்னும் பார்க்கவில்லையாம்.